அப்பாவின் கேசட்டுகளை இணையத்தில் ஓடவிடலாமா?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா முப்பது வருடத்துக்கு மேல் மைக்செட் போட்டவர். கல்யாண வீடு, சடங்கு வீடு, கொடை எனப்படும் கோயில் திருவிழா, சர்ச் திருவிழா என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் குழாய் ஒலிபெருக்கி கட்டாத ஊர் குறைவு. அவர் மறைந்த பிறகு வீட்டில் ஒரு அலமாரி நிறைய இசைத்தட்டும் அறுநூறுக்கு மேல் கேசட்டும் இருக்கின்றன. பெரும்பாலும் பழைய சினிமாப் பாட்டு, கொஞ்சம் பக்திப் பாட்டு. ஒரு நாற்பது கேசட் மட்டும் அப்பாவே டேப் ரெக்கார்டர் வைத்துக் கொடைகளில் பதிவு செய்த வில்லுப்பாட்டு. எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி, அப்பா பெயரில் ஒரு வெப்சைட் தொடங்கி, யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. டவுன்லோடு கிடையாது, விளம்பரம் கிடையாது, காசும் கிடையாது. இது சட்டப்படி தப்பா என்று கேட்கிறார்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சினிமாப் பாட்டுகளை உரிமைக்காரரிடம் அனுமதி வாங்காமல் வைக்கக் கூடாது. இலவசமாக வைத்தாலும், டவுன்லோடு இல்லாமல் வைத்தாலும் அது பதிப்புரிமை மீறல்தான். வில்லுப்பாட்டை வைக்கலாம், ஆனால் அதற்கும் சிலரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் யாரிடமும் கேட்காமல் வைக்கக்கூடிய சிலவும் உண்டு.

நான் நாகர்கோவிலில் வழக்கறிஞராக இருக்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது மாலை நேரத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஒரு தாளில் பதினெட்டு பாட்டு எழுதி, கூடவே ஒரு டிடிகே 90 கேசட்டையும் தந்துவிட்டுப் போவார்கள். மறுநாள் பதிந்து கொடுப்போம். அப்படிப் பதிந்து விற்றதே மீறல் என்பது சட்டம் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் இந்தத் தம்பியின் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. புரிவதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கடையில் காசு கொடுத்து வாங்கிய கேசட் உங்கள் சொத்து. வீட்டில் போட்டுக் கேட்கலாம், பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அதிலுள்ள பாட்டை ஊருக்கு வழங்கும் உரிமை அந்தக் காசோடு சேர்ந்து வரவில்லை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு உரியவருக்கு மட்டும் சில உரிமைகளைத் தருகிறது. அந்தப் பதிவை வைத்து இன்னொரு பதிவு செய்வது அதில் ஒன்று. மின்னணு முறையில் சேமிப்பதும் இதில் அடங்கும். பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது இன்னொன்று. பாட்டை சர்வரில் ஏற்றும்போது முதலாவதைச் செய்கிறீர்கள். பிளே பட்டனை வைக்கும்போது இரண்டாவதைச் செய்கிறீர்கள்.

பொதுமக்களிடம் கொண்டுசேர்ப்பது என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டத்தின் 2-ம் பிரிவில் விளக்கம் இருக்கிறது. 2012-ல் திருத்தியபோது அதை இன்னும் அகலமாக்கினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டாலும் சரி, ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றிய இடத்தில் தோன்றிய நேரத்தில் கேட்டாலும் சரி, அது கொண்டுசேர்ப்பதுதான். யாராவது உண்மையிலேயே கேட்டார்களா என்பதும் முக்கியம் இல்லை. கேட்கும்படி வைத்தாலே போதும். அதனால் 'டவுன்லோடு பட்டன் இல்லையே' என்ற வாதம் இங்கே எடுபடாது. கேட்பவர் கையில் பிரதி போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை.

'காசு வாங்கவில்லை' என்பதும் அப்படித்தான். மீறலா இல்லையா என்று பார்க்கும்போது லாபத்தை யாரும் கேட்பதில்லை. தண்டனையை முடிவு செய்யும் இடத்தில்தான் அது வருகிறது. 63-ம் பிரிவின்படி, தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், காரணத்தைத் தீர்ப்பில் எழுதி அதைவிடக் குறைவான தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது. அவ்வளவுதான். இந்தக் குற்றத்தில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனிமனிதர் வைத்த சின்ன வெப்சைட்டுக்காகப் போலீஸ் வீட்டு வாசலில் வந்து நின்றதை நான் பார்த்ததில்லை. நோட்டீஸ் வந்து, பதறிப்போய் என்னிடம் ஓடிவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தம்பி இன்னொன்றும் கேட்டிருந்தார். "அப்பா இதே பாட்டுகளை முப்பது வருடம் ஊர் முழுக்கக் குழாயில் போட்டாரே, அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லையே?" நியாயமான கேள்வி. அப்பா போட்டதில் பெரும்பகுதிக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 52-ம் பிரிவில், உண்மையான மதச் சடங்கின்போது பாட்டு போடுவது மீறல் ஆகாது என்று இருக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் அந்தச் சடங்கில் அடங்கும் என்று விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் போய் யாரும் ராயல்டி வசூலிக்கக் கூடாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசு அறிவிப்பே வெளியிட்டது. ஆகவே கல்யாண வீட்டிலும் கொடையிலும் அப்பா செய்த தொழிலில் குறை இல்லை, அதில் மனம் கலங்க வேண்டாம். ஆனால் அந்த விலக்கு அந்தப் பந்தலோடு முடிந்துவிடுகிறது. வெப்சைட் வரைக்கும் அந்த விலக்கு வராது. கொடையை மொபைலில் நேரலை செய்யும்போது பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூபும் ஃபேஸ்புக்கும் சத்தத்தை அமுக்கிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இனி முக்கியமான விஷயம். ஒரு பாட்டு என்பது ஒரே சொத்து என்று நாம் நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணுக்கு அது மூன்று சொத்து. எழுதிய வரிகள் ஒன்று, போட்ட மெட்டு ஒன்று, பாடிப் பதிந்த ஒலிப்பதிவு ஒன்று. மூன்றுக்கும் உரிமைக்காரர் வேறு வேறாக இருக்கலாம், முடியும் காலமும் வேறு வேறு. வரிக்கும் மெட்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் மறைந்த அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு. ஒலிப்பதிவுக்கு அது வெளிவந்த அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு.

நம் ஊர் உதாரணமே எடுத்துக்கொள்வோம். இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவிலில் பிறந்தவர். அப்பாவின் அலமாரியில் அவர் பாட்டு இல்லாமல் இருக்காது. அவர் இசையமைத்து 1960-ல் வெளிவந்த ஒரு இசைத்தட்டு என்று வையுங்கள். ஒலிப்பதிவின் உரிமை 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் அவர் மறைந்தது 2001 ஜூனில். மெட்டின் உரிமை 2061 டிசம்பர் 31 வரை ஓடும். வரிகள் கண்ணதாசனுடையது என்றால் அவர் மறைந்தது 1981, எனவே 2041 முடிய. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்றால் அவர் 1959-லேயே போய்விட்டார், எனவே வரிகள் 2019-ஓடு பொதுவாகிவிட்டன. ஒரே தட்டில் ஒன்று பூட்டிய கதவு, ஒன்று திறந்த கதவு. தட்டு பழசாகிவிட்டது என்பதை மட்டும் பார்த்து 'காப்பிரைட் முடிந்துவிட்டது' என்று சொல்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

அந்த மெட்டு இப்போது யார் கையில் என்பது தனிச் சிக்கல். படத் தயாரிப்பாளர் சம்பளம் கொடுத்துப் பாட்டு எழுத, இசையமைக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் அதை ஆடியோ கம்பெனிக்குக் கொடுத்திருப்பார், அந்தக் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கியிருக்கும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு காட்டுவதைத் தவிர மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை அவர்களே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. பல வருடம் போராடிக் கிடைத்த உரிமை அது. கம்பெனிக்காரன் பணம் என்று நாம் நினைப்பதில் ஒரு கவிஞர் வீட்டுக்குப் போக வேண்டிய பங்கும் இருக்கிறது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. பாட்டை நேசிப்பவர்கள் அதை எழுதியவரின் குடும்பத்தைத் தாண்டிப் போகக் கூடாது. யார் கையில் இருந்தாலும் காலக் கணக்கு மட்டும் படைத்தவரின் ஆயுளை வைத்துத்தான்.

தமிழில் இந்த வழக்கு புதிதும் இல்லை. பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. புத்தக உரிமை வேறு, ஒலிப்பதிவு உரிமை வேறு என்று அப்போதே பிரிந்து கிடந்தது. 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமையை எடுத்துக்கொண்டு, பிறகு பாடல்களை எல்லோருக்கும் பொதுவாக்கியது.

சரி, யாரையும் கேட்காமல் எதை வைக்கலாம்? மூன்று கதவும் திறந்திருப்பதை வைக்கலாம். 1964-லும் அதற்கு முன்பும் வெளிவந்த இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவுக் காலம் 2024-ஓடு முடிந்துவிட்டது. அவற்றில் வரியும் மெட்டும் பழையதாக இருந்தால் தாராளமாக வைக்கலாம். தேவாரம், திருப்புகழ், நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரம் போகும்போது அங்கே பாடப்படும் சுவாதித் திருநாள் கிருதிகள் போன்றவற்றைப் பாடிய பழைய தட்டுகள் அப்படிப்பட்டவை. நாகர்கோவில் வடிவீஸ்வரத்தில் பிறந்த நீலகண்ட சிவன் 1900-ல் மறைந்தவர், அவர் பாடல்கள் பொதுச் சொத்து. அவருடைய பஜனைகளில் பாடி வளர்ந்த பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார். அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. இருவர் பெயரிலும் சிவன் இருப்பதால் தட்டின் உறையைப் பார்த்து மாற்றிக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1954-ல் மறைந்தார். அவர் வரிகளின் காலம் 2014-ஓடு முடிந்தது. வேதநாயகம் சாஸ்திரியாரின் கிறிஸ்தவக் கீர்த்தனைகளும் அய்யாவழியினரின் புனித நூலான சாமிதோப்பு அகிலத்திரட்டும் 19-ம் நூற்றாண்டின் படைப்புகள், வரியில் யாருக்கும் தனி உரிமை இல்லை. ஆனால் 1990-களில் ஒரு கேசட் கம்பெனி பாடகரை வைத்துப் பதிவு செய்து விற்ற கவிமணி பாட்டும் கீர்த்தனையும் அய்யாவழியினரின் உச்சிப்படிப்பும் அந்தக் கம்பெனியின் ஒலிப்பதிவு. 1995-ல் வெளிவந்திருந்தால் 2055 முடிய அதற்கு உரிமை உண்டு. வரி பொதுவானது என்பதால் பதிவும் பொதுவாகிவிடாது. இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. நன்றாகப் பாடும் ஒருவரை வைத்து நீங்களே புதிதாகப் பதிவு செய்யலாம். வரிக்கு உரிமை முடிந்து, மெட்டும் பரம்பரை மெட்டாக இருந்தால், பாடியவரின் ஒப்புதலோடு அந்தப் பதிவு உங்களுடையது.

இசைத்தட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய பாட்டைப் பின்னாளில் தாளம் சேர்த்து, எக்கோ சேர்த்து மறுபடி கேசட்டாக விட்டார்கள் இல்லையா, அந்தப் புதுச் சேர்க்கைக்குத் தனி உரிமை கேட்பார்கள். எனவே காலம் முடிந்த பாட்டு என்றால் அசல் தட்டிலிருந்தே எடுங்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள தட்டு எண்ணை வைத்து எந்த ஆண்டில் வெளிவந்தது என்று தேட முடியும். கேள்வி வந்தால் காட்ட அதுதான் சாட்சி.

மிச்சமுள்ள சினிமாப் பாட்டுகளுக்கு லைசென்ஸ் வாங்க முடியுமா என்றால், வழி இருக்கிறது, ஆனால் தனி ஆளுக்குக் கட்டுப்படியாவது கஷ்டம். வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. 1969-ல் தொடங்கியது. அதன் உறுப்பினர்களின் பாடல்களுக்கு இணையத்துக்கும் லைசென்ஸ் தருகிறது. ஒலிப்பதிவுக்கு ஆடியோ கம்பெனியிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் வாங்கினால் போதாது. வானொலிக்கு உள்ளதுபோல நிர்ணயித்த ராயல்டியைக் கட்டிவிட்டு ஓடவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். 31டி பிரிவில் உள்ள அந்த வசதி வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும்தான், இணைய ஸ்ட்ரீமிங்குக்கு இல்லை என்று டிப்ஸ் என்ற ஆடியோ கம்பெனி ஏர்டெலின் விங்க் மியூசிக் செயலி மேல் போட்ட வழக்கில் 2019-ல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022-ல் மேல்முறையீட்டு அமர்வும் அதையே உறுதி செய்தது. ஏர்டெல் போன்ற பெரிய நிறுவனத்தின் செயலிக்கே அந்தக் கதவு திறக்கவில்லை.

அதனால் சினிமாப் பாட்டுக்கு என் யோசனை இதுதான். ஆடியோ கம்பெனிகள் தங்கள் பழைய பாட்டுகளில் பெரும்பகுதியை அவர்களே யூடியூபில் அதிகாரபூர்வச் சேனலில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வீடியோவை எம்பெட் செய்து உங்கள் பக்கத்தில் வையுங்கள். பாட்டு அவர்கள் சர்வரிலிருந்து, அவர்கள் பிளேயரில் ஓடும். விளம்பர வருமானமும் அவர்களுக்குப் போகும். வேண்டாம் என்று நினைத்தால் எம்பெட் வசதியை அவர்களே அணைத்துவிடலாம். அதன் கீழே உங்களால் மட்டும் எழுதக்கூடியதை எழுதுங்கள். எந்த ஊர்க் கொடையில் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அதிகாலை முதல் பாட்டாக அப்பா எதைப் போடுவார், தட்டு எந்தக் கடையில் வாங்கியது என்பதெல்லாம். தட்டையும் அப்பாவின் ஆம்ப்ளிஃபயரையும் குழாயையும் படம் எடுத்துச் சேருங்கள். ஆனால் யாரோ ஒருவர் திருட்டுத்தனமாக ஏற்றிய வீடியோவை எம்பெட் செய்யாதீர்கள். யூடியூபிலிருந்து ஒலியை மட்டும் பிரித்து எடுத்து உங்கள் சர்வரில் போடவும் வேண்டாம், அது பழைய தப்பேதான்.

அப்புறம், பலரும் நம்பிக்கொண்டிருக்கும் சில பேச்சுகள். 30 விநாடிக்குள் இருந்தால் தப்பில்லை என்று நம் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. 'உரிமை அந்தந்த உரிமையாளருக்கே' என்று அடியில் எழுதுவதால் அனுமதி கிடைத்துவிடாது. உரிமை அடுத்தவருடையது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகலாம். உறையில் காப்பிரைட் முத்திரை இல்லை, பதிவு செய்யவில்லை என்பதும் உதவாது, படைத்த உடனே உரிமை பிறந்துவிடுகிறது. கேசட் கம்பெனி மூடிவிட்டது என்றால் உரிமை இன்னொருவர் கையில் இருக்கிறது என்று பொருள். எவ்வளவு தேடியும் உரிமைக்காரரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புக்கு 31ஏ பிரிவில், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ராயல்டியைக் கட்டி, லைசென்ஸ் கேட்கும் வழி இருக்கிறது. ஒரு அபூர்வமான பதிவுக்காக அந்த அலைச்சலைப் படலாம், அறுநூறு கேசட்டுக்கு முடியாது. சர்வரை வெளிநாட்டில் வைத்தாலும் நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் நஷ்டஈடு ஒரு படைப்புக்கு 750 டாலரில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்தக் கேசட்டை உங்கள் சொந்தக் காதுக்காக எம்பி3 ஆக்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. தனிப்பட்ட உபயோகம் என்று 52-ம் பிரிவு அதை ஒத்துக்கொள்கிறது. வீட்டுக்குள் நீங்களும் அம்மாவும் கேட்பது அந்த எல்லைக்குள் வரும். பாஸ்வேர்டு போட்டு, வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் ஐநூறு பேருக்குக் கொடுத்தால் அது தனிப்பட்ட உபயோகம் ஆகாது. லாப நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் உள்ள பிரதியைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமிக்கவும் அதே பிரிவு அனுமதிக்கிறது. தட்டுகளைப் பராமரிக்க முடியாத நிலை வந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் அப்படிப்பட்ட நூலகத்துக்குக் கொடுங்கள்.

இனி அந்த நாற்பது கேசட். தம்பி, நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. சினிமாப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். இருபது முப்பது வருடம் முன்பு ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடியப் பாடிய வில்லுப்பாட்டு, உங்கள் அலமாரியில் மட்டும்தான் இருக்கும்.

சட்டப்படி பார்ப்போம். ஒலிப்பதிவுக்கு, முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்தவரே தயாரிப்பாளர். அதாவது உங்கள் அப்பா. அவருக்குப் பின் அந்த உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் போகிறது. எனவே அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு தாளில் சம்மதம் எழுதி வாங்கிவிடுங்கள். குடும்பத்துக்குள் எதற்கு என்று தோன்றும், ஆனால் பின்னால் மனக்கசப்பு வருவது அங்கேதான்.

கதையைப் பொறுத்தவரை முத்தாரம்மன் கதை, நீலி கதை, சுடலை கதை எல்லாம் வாய்வழியாக வந்தவை, அவற்றுக்கு உரிமைக்காரர் கிடையாது. புலவர், அதாவது வில்லுப்பாட்டைத் தலைமையேற்றுப் பாடுபவர், தானே புதிதாகக் கட்டிய பாடல் இடையில் இருந்தால் அது அவருடைய படைப்பு. அதற்கு மேல், பாடியவருக்கும் உடுக்கை, குடம், கட்டை வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று உண்டு. நிகழ்ச்சி நடந்த அடுத்த ஜனவரி 1 முதல் 50 ஆண்டு. 1998-ல் நடந்த கொடை என்றால் 2048 முடிய. அன்று டேப் ரெக்கார்டரை மேடையில் வைக்கச் சம்மதித்தார்கள் என்பது இன்று இணையத்தில் வைக்கச் சம்மதித்ததாகாது. மறைந்தவர்கள் சார்பில் அவர்கள் வாரிசுகளிடம் கேட்க வேண்டும்.

ஒப்புதல் தாள் ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். எந்தக் கோயில், எந்த ஆண்டு, யார் யார் பாடி வாசித்தார்கள், இலவசமாகக் கேட்க வைக்கப்படும், பெயர் ஒவ்வொரு பதிவின் மேலும் போடப்படும் என்று எழுதுங்கள். இரண்டு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், வழக்கறிஞர்களே சில நேரம் விட்டுவிடுகிறார்கள். ஒன்று காலம், இன்னொன்று இடம். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். நீங்கள் யாருக்காக இதைச் செய்கிறீர்களோ, அந்தத் துபாயிலும் சவுதியிலும் இருப்பவர்கள் அதற்கு வெளியே போய்விடுவார்கள். 'உரிமைக் காலம் முடியும்வரை, உலகம் முழுவதும்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். பிற்காலத்தில் வெப்சைட்டில் வருமானம் வந்தால் அதில் பங்கு எவ்வளவு என்பதையும் இப்போதே எழுதிவிடுவது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை. வில்லுக்காரர்கள் வருடத்தில் சில மாதம் மட்டும் வேலை கிடைக்கும் மனிதர்கள்.

கேட்டுப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கூட்டம் தூங்கி வழியும் நேரத்தில் புலவர்கள் சினிமா மெட்டில் ஒரு பாட்டைப் போட்டு எழுப்புவது வழக்கம். அந்த மெட்டுக்கு உரிமை இருக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுங்கள், அசல் டேப் வீட்டில் முழுதாக இருக்கட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நோட்டீஸ் வரலாம். மின்னஞ்சலில் வந்தால் திறக்காமல் விடாதீர்கள். எந்தப் பாட்டு என்று பார்த்து முதலில் அதை இறக்கிவிடுங்கள். அனுப்பியவர் உண்மையிலேயே உரிமைக்காரரா, அதற்கு ஆவணம் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். காலம் முடிந்த தட்டுக்கும் சிலர் உரிமை கொண்டாடுவார்கள், அப்போது நீங்கள் எடுத்துவைத்த லேபிள் படம் பேசும். ஆதாரமில்லாமல் மிரட்டினால் மிரட்டியவர் மேலேயே வழக்குப் போட 60-ம் பிரிவு இடம் தருகிறது. மறுபக்கம், உரிமைக்காரர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே உங்கள் மேல் வழக்குப் போட முடியும். தக்கலையில் இருந்துகொண்டு மும்பைக்கு நடக்க வேண்டியிருக்கும். சில வருடம் முன்பு ஒரு பையன் இணைய வானொலி நடத்தி, மூன்று நோட்டீஸை எறிந்துவிட்டு நான்காவதோடு என்னிடம் வந்தான். வெப்சைட்டை மூடி, மன்னிப்புக் கடிதம் எழுதி, ஒரு தொகை கட்டி முடித்தோம். முதல் நோட்டீஸ் வந்த அன்றே இறக்கியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

டேப்புக்கு ஆயுசு குறைவு. நம் ஊர்க் கடல் காற்றில் பூஞ்சை பிடிக்கும், நாடா ஒட்டிக்கொள்ளும். வெப்சைட் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், இந்த நாற்பது கேசட்டையும் இந்த மாதமே டிஜிட்டல் ஆக்குங்கள், உங்களுக்காகப் பாதுகாத்து வைப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பூஞ்சை தெரியும் கேசட்டை நேராகப் பிளேயரில் போடாமல் முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். உறை மேல் அப்பா எழுதியிருக்கும் ஊர், தேதி, புலவர் பெயர்களை ஒரு நோட்டில் எடுத்தெழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள், விட்டுப்போனது அவருக்கு நினைவிருக்கும். அந்தப் புலவர்களில் வயதில் மூத்தவர் யாரோ அவர் வீட்டுக்கு முதலில் போங்கள். போகும்போது ஒப்புதல் தாளோடு அவர் பாடிய பதிவையும் மொபைலில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள்.